பணத்துக்குக் குறைவில்லாமலே நின்றுபோன ஒரு படம்: க்ளூசோவின் 'நரகம்'

கேட்ட கேள்வி இதுதான்: பாதியில் நின்ற படம் என்றாலே தயாரிப்பாளரிடம் பணம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமா? கைநிறையப் பணம், பெரிய இயக்குநர், பெரிய நடிகை எல்லாம் இருந்தும் நின்றுபோன படம் ஏதாவது உண்டா?

பெரும்பாலும் பணம்தான் காரணம். நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது 'மருதநாயகம்'. 1997-ல் இங்கிலாந்து ராணி முன்னிலையில் தொடங்கிய படம், நிதி இல்லாமல் நின்றது. ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரியே ஒரு படமும் இருக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூசோ 1964-ல் தொடங்கிய 'லான்ஃபேர்'. பிரெஞ்சில் நரகம் என்று பொருள். அதற்குப் பணம் கொடுத்த அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் பட்ஜெட்டுக்கு எல்லையே வைக்கவில்லை. படப்பிடிப்பு மூன்று வாரம் நடந்தது. அப்புறம் நின்றது, நின்றதுதான்.

ஒரு நடிகர் விலகினார், இயக்குநருக்கு மாரடைப்பு வந்தது, படம் நின்றது என்று இரண்டு வரியில் இந்தக் கதையைச் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. அது தவறில்லை. ஆனால் அவையெல்லாம் கடைசியில் வந்தவை. அந்த எல்லையில்லாத பணம்தான் படத்தை முதலில் சாய்த்தது என்பது என் முடிவு. நான் சில வருடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தவன். ஒரு யூனிட் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் படம் என்னை விடவே இல்லை.

முதலில் க்ளூசோ யார் என்று சொல்ல வேண்டும். 1907-ல் பிறந்தவர். இளம் வயதில் காசநோய் வந்து சில ஆண்டுகள் சானடோரியத்தில் கிடந்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், ஜெர்மானியர் நடத்திய கம்பெனிக்காக 1943-ல் எடுத்த 'காகம்' படத்தால், பிரான்ஸ் விடுதலையான பின் அவரைப் படமெடுக்கக் கூடாது என்று தடை செய்தார்கள். பிறகு தடைக்காலத்தைக் குறைத்தார்கள். திரும்பி வந்தவர் 1953-ல் 'பயத்தின் கூலி' எடுத்தார். நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரிகளை மலைப்பாதையில் ஓட்டிப்போகும் நான்கு பேரின் கதை. கான், பெர்லின் இரண்டு விழாக்களிலும் தலையாய பரிசு அதற்குத்தான். 1955-ல் 'பிசாசுகள்'. அந்தக் குளியல் தொட்டிக் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1960-ல் பிரிஜித் பார்தோவை வைத்து 'உண்மை'. அது பெரிய வெற்றி. ஆனால் அது வெளியான அடுத்த மாதமே மனைவி வேரா மாரடைப்பில் இறந்துவிட்டார். மனம் உடைந்து தாஹித்தி தீவுக்குப் போய்விட்டார் க்ளூசோ. மறுபடி காதல், 1963-ல் மறுபடி திருமணம், இனெஸ் என்ற பெண்ணோடு. நான்கு வருடம் கழித்து வருகிற படம் என்பதால் பிரான்சே காத்திருந்தது.

இன்னொரு பாரமும் அவர் தலையில் இருந்தது. அந்த நான்கு வருடத்தில் த்ரூஃபோ, கோதார் போன்ற 'புதிய அலை' இளைஞர்கள் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் படமெடுக்க ஆரம்பித்திருந்தார்கள். க்ளூசோ மாதிரி ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு எடுப்பவர்களை அவர்கள் பழைய ஆட்கள் என்று ஒதுக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான், 1963-ல், ஃபெலினியின் 'எட்டரை' வந்தது. சினிமாவில் மனசுக்குள் நடப்பதை இப்படியும் காட்டலாமா என்று அது க்ளூசோவை உலுக்கிவிட்டது. ஐம்பத்தாறு வயதில், இதுவரை யாரும் பார்க்காத ஒரு படத்தை எடுத்தே தீர வேண்டும் என்ற வெறி வந்தது.

கதை ரொம்ப எளிமையானது. மார்செல் என்பவன் ஓர் ஏரிக்கரையில் சின்ன ஹோட்டல் நடத்துகிறான். ஓதெத் என்ற அழகான பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் மேல் சந்தேகம் வருகிறது. ஊரில் உள்ள மெக்கானிக்கோடு, தோழி மாரிலூவோடு, ஹோட்டலுக்கு வருகிற ஒவ்வொருவரோடும் அவளை இணைத்துப் பார்க்கிறான். சந்தேகம் முற்றி மனநோயாகிறது. அவ்வளவுதான். மார்செலாக செர்ஜ் ரெஜியானி, வயது 42. ஓதெத்தாக ரோமி ஷ்னைடர், வயது 25. 'சிஸி' படங்களில் ஆஸ்திரிய ராணியாக நடித்து ஐரோப்பா முழுக்கக் கொண்டாடப்பட்டவர், அந்த இனிப்பு பிம்பத்தை உடைக்கத் துடித்துக்கொண்டிருந்த நேரம். மாரிலூவாக டானி காரெல்.

க்ளூசோவின் யோசனை இது. நிஜத்தில் நடப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை. மார்செலின் மூளைக்குள் நடப்பது மட்டும் வண்ணம். அந்த வண்ணம் சாதாரண வண்ணமாக இருக்கக் கூடாது. சந்தேகம் பிடித்தவன் கண்ணுக்கு உலகம் எப்படி நெளியும், எப்படிச் சுழலும், அப்படி இருக்க வேண்டும். அப்போது பாரிசில் ஆப் ஆர்ட், கினெடிக் கலை என்று கண்ணை ஏமாற்றும் ஓவியங்களும் அசையும் சிற்பங்களும் பெரிய மோஸ்தர். ஓவியர் வாசரேலி போன்றவர்களின் காலம். அந்த உத்திகளையெல்லாம் சினிமாவுக்குள் கொண்டுவரலாம் என்று நினைத்தார். நல்ல யோசனை. அவர் அதைச் சோதித்துப் பார்க்க ஸ்டூடியோவுக்குள் போனதிலும் தப்பில்லை.

ஸ்டூடியோவுக்குள் போனவர் மாதக்கணக்கில் வெளியே வரவே இல்லை. ரோமி ஷ்னைடரின் முகத்தைச் சுற்றி விளக்குகளைச் சுழலவிட்டார்கள். அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், ஒளி மட்டும் முகத்தைச் சுற்றிவருகிறது. சிரிக்கிற முகம் ஒரு கணத்தில் பயமுறுத்துகிற முகமாகிறது, அடுத்த கணம் அழுகிற முகமாகிறது. அவர் எதுவுமே செய்யவில்லை, எல்லாம் நிழலின் வேலை. உடம்பில் எண்ணெய் தடவி ஜிகினாத் தூள் தூவினார்கள். உதட்டுக்கு நீலச் சாயம். செலஃபேன் தாளில் சுற்றினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் வழிகிற தண்ணீர். ஒரே முகத்தைக் கண்ணாடிகளில் பத்தாக உடைத்தார்கள். தண்டவாளத்தில் அவரைக் கட்டிப்போட்டு, எதிரே ரயில் வருகிற மாதிரி ஒரு காட்சி. அது மார்செலின் மனசுக்குள் ஓடுகிற ஆசை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஏரியைச் சிவப்பாக்குகிற உத்தி. ஓதெத் ஏரியில் தண்ணீர்ச்சறுக்கு விளையாடுகிறாள். கரையில் நின்று பார்க்கிற மார்செலின் கண்ணில் ஏரி ரத்தச் சிவப்பாக மாற வேண்டும். இன்றைக்குக் கணினியில் ஒரு மணி நேர வேலை. அன்றைக்கு அதை பிலிம் கழுவுகிற லேபில் வண்ணங்களைத் தலைகீழாக மாற்றித்தான் செய்ய முடியும். நீலம் சிவப்பாகும், சரி. கூடவே மனிதத் தோலின் நிறமும் மாறிவிடுமே? அதற்காக நடிகர்களின் முகத்துக்கும் உடைக்கும் எதிர்மாறான நிறங்களைப் பூசிப் படம்பிடித்தார்கள். நேரில் பார்க்கப் பிணக்களையாக இருப்பார்கள். லேபிலிருந்து வரும்போது முகம் முகமாக இருக்கும், ஏரி மட்டும் ரத்தமாக இருக்கும். அந்த மேக்கப்போடு ரோமி நிற்கிற சோதனைத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. அதைப் பார்த்தால் அந்த மனுஷருக்கு என்ன பைத்தியம் பிடித்திருந்தது என்று புரியும். அந்தப் பைத்தியத்தின் மேல் மரியாதையும் வரும்.

படம் முழுவதையும் மாற்றியது கொலம்பியாவின் வருகை. நிறுவனத்து ஆட்கள் வந்து இந்தச் சோதனைத் துண்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். அசந்துபோனார்கள். எவ்வளவு செலவானாலும் சரி, எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஓர் இயக்குநருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய அதிர்ஷ்டம். படப்பிடிப்புத் தளத்தில் நின்றவர்களுக்கு வேறு மாதிரி தெரியும். தினமும் சாயங்காலம் புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து, "சார், நாளைக்கு இந்த லொகேஷன் கிடையாது, இன்னைக்கே முடிச்சாகணும்" என்று சொல்வார். அந்தச் சொல் இயக்குநருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பத்து விதத்தில் யோசித்துக்கொண்டிருப்பவரை ஒரு விதத்தைத் தேர்ந்தெடுக்க வைப்பது அந்தச் சொல்தான். பட்ஜெட் என்பது பணக் கணக்கு மட்டும் இல்லை. அது இயக்குநர் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதியை அவருக்காக எடுத்துக்கொடுக்கிறது. க்ளூசோவிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதை அவரே முன்னால் நிரூபித்துக் காட்டியிருக்கிறார் என்பதுதான் வேதனை. 1956-ல் பிக்காசோ ஓவியம் வரைவதை ஓர் ஆவணப்படமாக எடுத்தார். மை ஊடுருவித் தெரிகிற தாளில் பிக்காசோ ஒரு பக்கம் வரைவார், கேமரா மறுபக்கத்தில் இருக்கும். அதில் ஓர் இடத்தில் கேமராவில் இருக்கிற சுருளில் சில நிமிடத்துக்கான பிலிம்தான் மிச்சம் இருக்கிறது. க்ளூசோ நேரத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறார், பிக்காசோ அதற்குள் ஓவியத்தை முடிக்க வேண்டும். ஒரு ஓவியர் தாளில் கோடு போடுகிறார், அவ்வளவுதான் காட்சி. ஆனால் சீட்டு நுனியில் உட்கார்ந்து பார்க்கிறோம். தீர்ந்துபோகிற பிலிமை வைத்து அந்தப் பதைப்பை உண்டாக்கத் தெரிந்த மனிதருக்கு, எட்டு வருடம் கழித்துத் தீராத பிலிமைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வெளிப்புறப் படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த இடம் மத்திய பிரான்சின் கான்தால் மாவட்டம். அங்கே த்ருயேர் ஆற்றின் குறுக்கே காராபி ரயில் பாலம் நிற்கிறது. ஈஃபிள் கோபுரம் கட்டிய அதே குஸ்தாவ் ஈஃபிளின் நிறுவனம் 1884-ல் முடித்த இரும்புப் பாலம். கீழே இருக்கிற ஏரி இயற்கையானது இல்லை. 1950-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணையின் நீர்த்தேக்கம். ஏரிக்கரையில் ஹோட்டல், தலைக்கு மேலே சிலந்தி வலை மாதிரி இரும்புப் பாலம். கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஒரே ஒரு சிக்கல். ஏரி பிரெஞ்சு மின்வாரியத்துடையது. இன்ன தேதிக்கு மேல் தண்ணீரைத் திறந்துவிடுவோம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பணத்தில் எல்லை இல்லாத படத்துக்கு இருந்த ஒரே எல்லை அந்தத் தண்ணீர் மட்டம்தான். கொலம்பியாவே நினைத்தாலும் அதைத் தள்ளிப்போட முடியாது.

1964 ஜூலை 6-ம் தேதி படப்பிடிப்பு ஆரம்பம். நேரம் குறைவு என்பதால் க்ளூசோ ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு யூனிட்டுக்குப் பதிலாக மூன்று யூனிட். மூன்று ஒளிப்பதிவாளர்கள். அர்மான் திரார், 'பயத்தின் கூலி', 'பிசாசுகள்' இரண்டையும் ஒளிப்பதிவு செய்தவர். க்ளோத் ரென்வார், பிக்காசோ படத்தை எடுத்தவர், ஓவியர் ரென்வாரின் பேரன். மூன்றாவது, இளைஞரான ஆந்த்ரேயாஸ் விண்டிங். கிட்டத்தட்ட 150 தொழில்நுட்பக் கலைஞர்கள். திட்டம் இதுதான்: ஒரு யூனிட் ஷாட் எடுக்கும்போது மற்ற இரண்டும் அடுத்த இடங்களில் லைட்டிங் முடித்துத் தயாராக இருக்கும். க்ளூசோ ஓர் இடத்தில் முடித்து அடுத்த இடத்துக்குப் போவார். காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம்.

நடந்தது வேறு. க்ளூசோ முதல் யூனிட்டை விட்டு நகரவே இல்லை. ஒரு ஷாட்டை எடுப்பார், திரும்ப எடுப்பார், நேற்று எடுத்து முடித்த காட்சியை இன்று வேறு விதமாக எடுப்பார். மற்ற இரண்டு யூனிட்டும் எல்லாம் தயாராக வைத்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும். யூனிட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. வேலை அதிகமாக இருந்தால் ஆட்கள் திட்டுவார்கள், ஆனாலும் செய்வார்கள். வேலையே இல்லாமல் மூன்று நாள் உட்காரவைத்தால் நாலாவது நாள் படத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். நான் வேலை செய்த ஒரு படத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் வாரம் மானிட்டரைச் சுற்றி நின்ற ஆட்கள், மூன்றாவது வாரம் டீ டம்ளரோடு வேன் நிழலில் படுத்திருந்தார்கள். அந்தப் படமும் வெளிவரவில்லை. அதன் இயக்குநரும் திறமைசாலிதான். தினமும் காலையில் புதுசாக ஒரு யோசனையோடு வருவார், ஒவ்வொன்றும் முந்தின நாளைவிட நன்றாக இருக்கும். அதுதான் பிரச்சினையே.

க்ளூசோவுக்குத் தூக்கமின்மை வேறு. ராத்திரி 2 மணிக்கு ஏதாவது தோன்றினால் ஆட்களை எழுப்பிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடையாது. இத்தனைக்கும் எல்லாம் காகிதத்தில் இருந்தது. ஒவ்வொரு ஷாட்டும் வரைந்து குறித்து வைக்கப்பட்டிருந்தது. மாற்றியமைப்பதெல்லாம் காகிதத்திலேயே முடிந்துவிட வேண்டும், தளத்தில் கூடாது என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவர் கொள்கை. புதிய அலை இளைஞர்களோடு அவர் முரண்பட்டதே அந்த இடத்தில்தான். இந்த ஒரு படத்தில் அந்தக் கொள்கை அவர் கையை விட்டுப் போய்விட்டது. காகிதத்தில் இருந்ததை எடுத்த பிறகும் திருப்தி வரவில்லை. எதைத் தேடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

நடிகர்களை வருத்தி நடிப்பை வாங்குபவர் என்ற பெயர் அவருக்கு ஏற்கெனவே உண்டு. ரோமி ஷ்னைடர் திருப்பிக் கத்துவார், சண்டை போடுவார், அப்புறம் போய் நடிப்பார். ரெஜியானியால் அது முடியவில்லை. மார்செல் மனைவியைத் தொடர்ந்து ஓடுகிற காட்சிக்காக, கேமரா வைத்த வண்டிக்குப் பின்னால் அவரை நாள்கணக்கில் ஓடவைத்தார் க்ளூசோ. அந்த ரஷ், அதாவது வெட்டித் தொகுக்காத காட்சி, இருக்கிறது. வியர்த்து, மூச்சு வாங்கி, முகம் வெளிறி ஓடுகிறார். நடிப்பு எங்கே முடிகிறது, உண்மையான களைப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. சந்தேகத்தால் நொந்துபோன ஒருவன் வேண்டும் என்று க்ளூசோ கேட்டார், தன் கையாலேயே அப்படி ஒருவரை உண்டாக்கிவிட்டார். ஒரு நாள் ரெஜியானி கிளம்பிப் போய்விட்டார். உடம்பு சரியில்லை என்பது அதிகாரபூர்வக் காரணம். இருவருக்கும் நடுவில் அதற்கு மேல் தாங்காது என்பதைப் படக்குழுவில் இருந்தவர்கள் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

கதாநாயகன் போனால் அதுவரை எடுத்த காட்சிகளில் பாதி குப்பைக்குப் போகும். ழான்-லூயி த்ரான்தின்யானை அழைத்தார்கள். வந்தார், சில நாள் இருந்தார், ஒரு ஷாட்கூட எடுக்காமல் திரும்பிப் போனார். க்ளூசோ அப்போதும் நிறுத்தவில்லை. கதாநாயகன் இல்லாத காட்சிகளை எடுக்க ஆரம்பித்தார். ஏரியில் ஒரு படகு, அதில் ஓதெத்தும் மாரிலூவும் நெருக்கமாக இருப்பதாக மார்செல் கற்பனை செய்கிற காட்சி. அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது க்ளூசோவுக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். படம் பிழைக்கவில்லை.

இங்கே காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். இப்படிப்பட்ட பெரிய படங்களில் முக்கிய நடிகர்களையும் இயக்குநரையும் மருத்துவப் பரிசோதனை செய்து காப்பீடு எடுப்பார்கள். நடிகர் விழுந்தால் மாற்று ஆளை வைத்துத் தொடர முடியுமா, எவ்வளவு மறுபடி எடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். இந்தப் படத்தில் கதாநாயகனும் இல்லை, இயக்குநரும் இல்லை, ஏரியில் தண்ணீரும் இருக்கப் போவதில்லை. காப்பீட்டுக்காரர்கள் தொடர வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். படமும் அதோடு வழக்கும் கணக்குமாக முடங்கியது. எடுத்த பிலிம் டப்பாக்கள் பூட்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தன. மொத்தம் 185 டப்பா.

நாற்பது வருடத்துக்கு மேல் அவற்றை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. செர்ஜ் ப்ரோம்பெர்க் என்ற பிரெஞ்சுக்காரர், தொலைந்துபோன பழைய படங்களைத் தேடி மீட்பதையே தொழிலாக வைத்திருந்தவர், இந்த ரஷ்களுக்கு உரிமை கேட்டு க்ளூசோவின் மனைவி இனெஸைப் பார்க்கப் போனார். அந்த அம்மாவுக்கு அதில் விருப்பம் இல்லை. விடைபெற்றுக் கிளம்பும்போது இருவரும் ஏறிய லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். இறங்கும்போது இனெஸ் சம்மதித்திருந்தார். ப்ரோம்பெர்க்கே பல இடங்களில் சொன்ன கதை இது. அடைபட்ட பெட்டிக்குள் நடந்த பேச்சால் அடைபட்ட டப்பாக்கள் திறந்தன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

உள்ளே பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாத காட்சிகள். பெரும்பாலும் ஒலி கிடையாது. ப்ரோம்பெர்க்கும் ருக்ஸாண்ட்ரா மெத்ரேயாவும் சேர்ந்து அதிலிருந்து ஓர் ஆவணப்படம் செய்தார்கள். 2009-ல் கான் விழாவில் காட்டினார்கள், அடுத்த வருடம் சிறந்த ஆவணப்படத்துக்கான பிரான்சின் செசார் சினிமா விருது வாங்கியது. எடுக்கப்படாமல் போன வசனக் காட்சிகளை இரண்டு நடிகர்கள் வெறும் அறையில் நின்று படித்துக் காட்டுகிறார்கள். அந்தக் குழுவில் இருந்து மிஞ்சியவர்கள் பேசுகிறார்கள். யாரும் க்ளூசோவைத் திட்டவில்லை. அத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் அவர்கள் குரலில் இருப்பது வருத்தம், கூடவே கொஞ்சம் குற்ற உணர்வும். ஏதோ நாம் காப்பாற்றியிருக்கலாமோ என்பது போல.

சரி, முடித்திருந்தால் பெரிய படமாக வந்திருக்குமா? இதில் என் கருத்து பலரோடு ஒத்துப்போகாது. எல்லோரும் அந்த வண்ணத் துண்டுகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவை மயக்கும், உண்மைதான். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தால் கண் சோர்ந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி அற்புதம், ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒட்டவைக்கிற வேலையை க்ளூசோ தொடங்கவே இல்லை. என்னைப் பிடித்து உலுக்கியது கறுப்பு வெள்ளைப் பகுதிதான். பாலத்தின் நிழலில் ஓதெத் சிரித்துக்கொண்டே நடந்துபோகிறாள், ரெஜியானி தூரத்தில் இருந்து பார்க்கிறார். எந்த உத்தியும் இல்லை. வெயில், இரும்பு, ஒரு பெண்ணின் நடை, ஒரு ஆணின் கண். சந்தேகம் என்ற நோயைச் சினிமாவில் இதைவிடத் துல்லியமாக நான் பார்த்ததில்லை. அந்தப் பழைய க்ளூசோவுக்குச் சுழல்விளக்கே தேவைப்பட்டிருக்காது. அவரிடம் யாராவது அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்கிற இடத்தில் இருந்தவர்கள் காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இதற்கு ஒரு ஒப்பீடும் இருக்கிறது. அதே திரைக்கதையை இனெஸிடமிருந்து வாங்கி, க்ளோத் ஷப்ரோல் 1994-ல் அதே பெயரில் எடுத்தார். எம்மானுவேல் பெயாரும் பிரான்சுவா க்ளூஸேயும் நடித்தார்கள். சுழல்விளக்கு இல்லை, சிவப்பு ஏரி இல்லை. ஷப்ரோல் சாமர்த்தியமான மனிதர், அளவான பணத்தில் நேர்கோட்டில் எடுத்து முடித்தார். கடைசியில் 'முற்றும்' என்று போட வேண்டிய இடத்தில் 'முடிவில்லை' என்று போட்டார். நல்ல படம், கச்சிதமான படம். ஆனால் இந்த 185 டப்பாவில் இருக்கிற எந்தத் துண்டின் ஜுரமும் அதில் இல்லை. அப்படியானால் அந்த ஜுரம் கதையில் இல்லை, க்ளூசோவிடம்தான் இருந்தது என்றாகிறது. பணத்துக்கு எல்லை போட்டிருந்தால் அந்த ஜுரம் வந்திருக்குமா என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. அதே மனிதர் கட்டுப்பாட்டுக்குள் எடுத்த 'பயத்தின் கூலி'யைத்தான் நான் பதிலாகக் காட்டுவேன்.

க்ளூசோ அதற்குப் பிறகு சினிமாவுக்காக எடுத்தது ஒரே ஒரு முழுநீளக் கதைப்படம், 1968-ல் வந்த 'கைதி'. அதுவும் அவர் உடல்நிலையால் நடுவில் நின்று மறுபடி தொடங்கியது. அதன் கடைசிப் பகுதியில் நிறங்கள் வெடித்துச் சுழல்கிற ஒரு நீண்ட கனவு வருகிறது. ஸ்டூடியோவில் அத்தனை மாதம் தேடியதில் கொஞ்சத்தையாவது திரையில் சேர்த்துவிட்டார் என்று அதைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஆறுதல். 1977-ல் இறந்தார்.

பார்க்க விரும்பினால் ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'பயத்தின் கூலி'யைப் பாருங்கள், அந்த மனிதரின் பிடி எப்படிப்பட்டது என்று தெரியும். அடுத்து ப்ரோம்பெர்க்கின் ஆவணப்படம். ஷப்ரோலின் படத்தைக் கடைசியாக வையுங்கள். அதை முன்னாடியே பார்த்துவிட்டால் ஆவணப்படத்தில் வருகிற ஓதெத்தைக் கதையோடு பொருத்திப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். கதை தெரியாமல், ஒலி இல்லாமல், ரோமியின் முகத்தைச் சுற்றி அந்த விளக்கு வரும்போது அதை முதல் தடவையாகப் பார்க்க வேண்டும்.